இயர்போனில் சத்தம் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் வழி

வாங்கிய அன்று நன்றாகப் பாடிய இயர்போன் இப்போது சப்பென்று இருக்கிறது. அல்லது எல்லாரும் புகழ்ந்த மாடலை வாங்கியும் பேஸ் வரவில்லை. இந்த நிலையில் பலர் உடனே ஈக்வலைசரை (பேஸ், குரல், மேல் ஒலியைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் செட்டிங்) திறக்கிறார்கள், இல்லையென்றால் அடுத்த இயர்போனைத் தேடுகிறார்கள். இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டியவை. காதுக்குள் அடைத்து உட்காரும் இயர்போனில் ஒலியை முதலில் தீர்மானிப்பது அந்த அடைப்புதான். அடுத்தது இயர்போன் நுனி வலையில் சேரும் அழுக்கு, அதற்கப்புறம் வயரும் செட்டிங்கும். இந்த வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால் பாதி வழியிலேயே குறை பிடிபட்டுவிடும். பெரும்பாலும் காசும் செலவாகாது.

தொடங்கும் முன்

ஃபோனிலும் பாட்டு ஆப்பிலும் இருக்கும் ஈக்வலைசர், டால்பி அட்மாஸ், பேஸ் பூஸ்ட், ஸ்பேஷியல் ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை ஓடிக்கொண்டிருக்கும்போது எது இயர்போனின் குறை, எது மென்பொருளின் கைவேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நன்றாகப் பழகிய ஒரே பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாகப் பதிவான கச்சேரி ஒன்று இருந்தால் ரொம்ப வசதி: மிருதங்கத்தின் தொப்பி பேஸ் எப்படி என்று காட்டும், பாடுபவரின் குரல் நடுப்பகுதியைக் காட்டும், தம்புராவின் ரீங்காரம் மேல்பகுதியைக் காட்டும். அதோடு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிப்போகும் ஸ்வீப் ஒலி ஒன்றும், இடம் வலம் என்று தனித்தனியாகப் பேசும் சோதனைக் கோப்பு ஒன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எடுத்து வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருக்கட்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதையே காது "நல்ல ஒலி" என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்தாலேயே தவறான முடிவுக்கு வந்தவர்கள் ஏராளம்.

பேஸ் இல்லை, தகர டப்பாவில் கேட்பது போல் இருக்கிறது

வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான், காரணமும் அநேகமாக ஒன்றேதான்: காற்றுக் கசிவு. இயர்போனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் சவ்வான டயாஃப்ரம் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அது ஒரு அறையை அதிர வைக்க முடியாது. காதுக் குழாயில் அடைபட்ட சிறு அளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியும்தான் பேஸைக் கொண்டுவருகிறது. காதுக்குள் உட்காரும் மெத்தென்ற முனையின், அதாவது டிப்பின், ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியே ஓடிவிடும். தாழ்ந்த ஒலிகள் முதலில் போகும். மேல் ஒலிகள் அப்படியே இருக்கும். அதனால்தான் கேட்பவருக்கு "பேஸ் இல்லை" என்றும் "கீச்சென்று இருக்கிறது" என்றும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது.

கசிவைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள்.

முதலாவது, பாட்டு ஓடும்போதே இரண்டு இயர்போனையும் விரலால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். பேஸ் திடீரென்று எழுந்து, விரலை எடுத்ததும் விழுந்தால் கசிவு உறுதி.

இரண்டாவது, பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று தாழ்ந்த சுருதியில் முனகுங்கள். இரண்டு காதும் சரியாக அடைபட்டிருந்தால் அந்த முனகல் தலைக்குள் கனமாக, நடுவில் ஒலிக்கும். ஒரு பக்கம் கசிந்தால் சத்தம் நன்றாக அடைபட்ட பக்கமாகச் சாயும். எந்தக் காது கசிகிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடும் சோதனை இது.

இனி சரிசெய்வது. பெட்டியில் வந்த எல்லா அளவு டிப்பையும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரியது என்று போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. பலர் காதுக்கு இதமாக இருக்கிறது என்று சின்ன டிப்பை எடுக்கிறார்கள். அது ஆழமாகப் போகும், ஆனால் சுவரைத் தொடாது. நேரெதிர்த் தவறும் உண்டு: மிகப் பெரிய சிலிக்கான் டிப் உள்ளே போய் மடிந்து சுருங்கும், அந்த மடிப்பு வழியாகவே காற்று போகும். டிப்பை எடுத்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

போடும் முறையும் முக்கியம். வலது காதில் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். வளைந்த காதுக் குழாய் அப்போது நேராகும். வாயைச் சற்றுத் திறந்து, இயர்போனை லேசாகத் திருகிக்கொண்டே உள்ளே செலுத்தி, பிறகு மடலை விடுங்கள். போடும்போது உள்ளே "பொடக்" என்று பிளாஸ்டிக் மடங்கும் சத்தம் கேட்டால், அடைபட்ட காற்று டயாஃப்ரத்தை அழுத்துகிறது என்று பொருள். அவசரமாகக் குத்தாமல் மெதுவாகப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சிலிக்கான் எதுவும் ஒத்துவராத காதுகளுக்கு ஃபோம் டிப். விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சி போல் ஆக்கி, உடனே காதில் வைத்து, விரிந்து முடிக்கும் வரை 20 முதல் 30 விநாடி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடியில் கையை எடுத்துவிட்டு "ஃபோமும் சரியில்லை" என்பவர்கள் அதிகம். அது விரியும்போது தன்னையே வெளியே தள்ளிக்கொண்டுவிடும். ஃபோம் கூர்மையான மேல் ஒலியைச் சற்று உறிஞ்சும் என்பதையும், சில மாதங்களில் விறைத்துப்போய் மாற்ற வேண்டி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெளியில் டிப் வாங்கும்போது இயர்போன் மூக்கின் (டிப் மாட்டும் குழல்) விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். துளை பெரிதான டிப் மூக்கில் தளர்ந்து உட்காரும். கழற்றும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கினால் ஹேர்பின்னால் தோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு கம்பெனியின் நடுத்தரம் இன்னொன்றின் பெரியதாக இருக்கும் என்பதால், எழுத்தைப் பார்த்து வாங்குவதைவிட மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதே நல்லது.

ஒரு பக்கம் மட்டும் குறைவாகக் கேட்கிறது

இதற்கு ஒரே விதி: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. வலது இயர்போனை இடது காதிலும், இடதை வலதிலும் போடுங்கள். காதுக்கு மேல் சுற்றிப் போடும் வகையாக இருந்தால் வசதியாக உட்காராது. கையால் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டால் போதும்.

குறைவு அதே காதில் நின்றால் குறை இயர்போனில் இல்லை. அந்தக் காதில் டிப் கசிகிறது, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியால் துழாவ வேண்டாம், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். இயர்போனைக் கழற்றிய பிறகும் ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டதாகத் தெரிந்தால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் கேட்புக் குறைவில் சில நாட்கள் தாமதித்தாலே பலன் குறைந்துவிடும்.

குறைவு இயர்போனோடு சேர்ந்து மறுகாதுக்குப் போனால் அடுத்த மாற்று. வயர் கழற்றக்கூடியது என்றால் இரண்டு பக்க வயரையும் மாற்றிச் செருகுங்கள். குறைவு வயரோடு போனால் வயரையோ ஃபோனையோ பாருங்கள். இயர்போனோடேயே நின்றால் அழுக்கைப் பாருங்கள். வயர் பக்கம் என்று தெரிந்தால் முதலில் ஃபோன் செட்டிங்: ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அணுகல்தன்மைப் பகுதியில் ஆடியோவுக்குள் இடம் வலம் சமநிலைக் கோடு இருக்கிறது. கை பட்டு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். சரியாக நடுவில் கொண்டுவந்து வையுங்கள்.

இப்போது அழுக்கு. மூக்கு நுனியில் இருக்கும் வலையை வெளிச்சத்தில் பாருங்கள், ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஓட்டைகள் திறந்திருக்க வேண்டும். மஞ்சளாகப் படலம் தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள்:

டிப்பைக் கழற்றுங்கள். வலை கீழ்நோக்கி இருக்கும்படி இயர்போனைப் பிடியுங்கள். இதை மறக்கக் கூடாது, மேல்நோக்கிப் பிடித்தால் உதிர்வதெல்லாம் உள்ளே போகும். உலர்ந்த மெல்லிய குழந்தைப் பிரஷ்ஷால் கீழிருந்து லேசாகத் தேயுங்கள். விடாத பிசுக்கு இருந்தால், சுவரில் படம் ஒட்டும் புட்டியை வலையில் ஒற்றி ஒற்றி எடுக்கலாம், அழுத்தக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்றால் துணியில் ஒரு துளி மட்டும், இயர்போனின் வெளி உடம்பைத் துடைக்க மட்டும். வலை வழியே திரவம் இறங்கினால் டயாஃப்ரம் வரை போய்விடும். ஊசி, குண்டூசி, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். சிலிக்கான் டிப்பை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, ஒரு இரவு முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

இயர்போன் உடம்பில் குண்டூசி முனை அளவு துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அவை காற்று போகவர வேண்டிய வழி. காதுப் பக்கம் இருக்கும் துளை அடைத்தால் காதில் அழுத்தம் கூடிப் பேஸ் உப்பும். பின்பக்கத் துளை அடைத்தால் பேஸ் குறையும். ஒரு பக்கத் துளையில் மட்டும் வியர்வை ஏறினாலே இரண்டு பக்கமும் வேறு வேறு ஒலி தரும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையரின் சூடு டயாஃப்ரத்தையும் பசையையும் கெடுக்கும்.

பாட்டு கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணோம்

வயலினும் எதிரொலியும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும், குரல் மறைந்திருக்கும். இயர்போன் போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் கேஸ்.

3.5 மி.மீ. ஜாக்கில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகத் தரை (கிரவுண்ட்) ஒன்று என்று தொடர்புகள் இருக்கின்றன. தரை விட்டுப்போனால் மின்னோட்டம் இடது டிரைவரையும் (ஒலி எழுப்பும் பகுதி) வலது டிரைவரையும் கடந்து ஓடும். அப்போது கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. குரல் இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் கழிபட்டுப் போய்விடுகிறது.

ஜாக்கை முழுதாகத் தள்ளிப் பாருங்கள். கடைசியில் "க்ளிக்" என்று உட்காரவில்லை என்றால் ஃபோனின் ஓட்டைக்குள் சட்டைப் பையின் பஞ்சு திணிந்து கிடக்கிறது. ஃபோனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் பக்கச் சுவரை ஒட்டிச் சுரண்டி வெளியே இழுங்கள். வந்து விழும் பஞ்சின் அளவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கம்பி, ஊக்கு போட்டால் உள்ளிருக்கும் தொடர்புத் தகடு வளைந்துவிடும். தடித்த ஃபோன் கவரும் ஜாக்கைத் தடுக்கும், கழற்றிப் பாருங்கள்.

மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கும் வரை குரல் வந்து, விட்டதும் போனால் காரணம் வேறு. நான்கு பகுதி ஜாக்கில் மைக்கும் தரையும் இடம் மாறிய இரண்டு முறைகள் உள்ளன: சிடிஐஏ, ஓஎம்டிபி. இப்போதைய ஃபோன்கள் சிடிஐஏ. பழைய சில ஹெட்செட்டுகள் ஓஎம்டிபி. இரண்டையும் மாற்றித் தரும் சிறு அடாப்டர் போதும்.

குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி அலைகிறது

வயரைக் கழற்றி மாட்டிய பிறகு இது தொடங்கியிருந்தால் ஒரு பக்கம் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. வயர் நுனியில் இரண்டு முள் உள்ள வகையில் இது எளிதில் நடக்கும். ஒரு பக்க டிரைவர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஸ்பீக்கராக இருந்தால் அறைக் காற்றிலேயே பேஸ் அழிந்துபோகும். இயர்போனில் இரண்டு காதும் தனித்தனி என்பதால் அப்படி அழிவதில்லை, ஆனால் மூளையால் குரலை நடுவில் நிறுத்த முடிவதில்லை, பேஸும் வெறுமையாகப் படும். ஒரே ஒரு பக்க முள்ளை மட்டும் கழற்றி 180 பாகை திருப்பிச் செருகுங்கள். மோனோ ஒலி (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவது) நெற்றிக்கு நேராக ஒரு புள்ளியாகக் கூடினால் சரி.

முள்ளின் தடிமன் 0.78 மி.மீ., 0.75 மி.மீ. என்று இரண்டு. சின்னக் குழியில் பெரிய முள்ளை அழுத்திச் செருகினால் குழி விரிந்துவிடும்; பிறகு அதன் சொந்த வயரே தளர்ந்து ஆடும். வயர் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ச, ஷ, ஸ ஊசியாகக் குத்துகிறது

குத்தல் பெரும்பாலும் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கும். இதில் ஒரு பங்கு இயர்போனின் குணம், இன்னொரு பங்கு உங்கள் காதின் குணம். டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட குறுகிய குழாய்க்குச் சொந்தமாக ஒரு அதிர்வு உண்டு. அது வழக்கமாக 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். இயர்போன் ஆழமாகப் போனால் குழாயின் நீளம் குறையும், அதிர்வு மேலே நகரும். ஆழம் குறைந்தால் கீழே இறங்கி, நேராக "ஸ" ஒலியின் மேல் வந்து உட்காரும். ஒரே மாடலை ஒருவர் இனிமை என்றும் மற்றவர் குத்துகிறது என்றும் சொல்வதில் இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

ஆகவே முதலில் ஆழத்தை மாற்றுங்கள். உயரம் குறைந்த டிப் அல்லது ஒரு அளவு சிறிய டிப் போட்டு, அடைப்பு கெடாமல் இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகிறதா பாருங்கள். அடுத்து ஃபோம். அப்படியும் குத்தினால் ஈக்வலைசர். அதைக் கீழே சொல்கிறோம். பேஸ் கசிந்துகொண்டிருந்தாலும் மேல் ஒலி தூக்கலாகத் தெரியும் என்பதால், முனகல் சோதனையை இங்கும் ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

கம்பளி போர்த்தியது போல் மங்கல்

புதிதாக வாங்கியபோது தெளிவாக இருந்து, படிப்படியாக மங்கியிருந்தால் வலையில் அழுக்கு. முதலிலிருந்தே மங்கல் என்றால் பாட்டின் மூலத்தைப் பாருங்கள். பாட்டு ஆப்பில் தரவுச் சிக்கனம் போட்டிருந்தால் இயர்போன் என்ன செய்தும் பயனில்லை. ஸ்பாட்டிஃபையில் ஆகக் குறைந்த தரம் விநாடிக்கு 24 கிலோபிட், "வெரி ஹை" என்ற தரம் 320; "தானியங்கி" என்று விட்டால் சிக்னல் மோசமான இடத்தில் கீழே இறங்கிவிடும். மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் டவுன்லோடுக்கும் தனித்தனியாகத் தரம் குறிக்க வேண்டும், ஒன்றை மாற்றினால் மற்றவை மாறாது.

1960-களின் தமிழ்த் திரைப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. இணையத்தில் கிடைப்பவற்றில் பல கேசட்டிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்தவை. அவற்றில் வரும் இரைச்சலும் மங்கலும் பதிவிலேயே உள்ளவை; நல்ல இயர்போன் அதை இன்னும் தெளிவாகக் காட்டும். அதே பாட்டின் வேறு பதிப்பைத் தேடுவது நூறு செட்டிங்கைவிட மேல்.

கரகரப்பு, விட்டு விட்டு வருதல்

வயர் இயர்போனில் ஜாக்குக்கு அருகில், இரு பிரிவாகும் இடத்தில், இயர்போனுக்குள் நுழையும் இடத்தில் என்று மூன்று இடங்களில் வயர் முறியும். பாட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு இடத்தையும் தனியாக மெதுவாக வளைத்துப் பாருங்கள். எங்கே வளைத்தால் சத்தம் போய்வருகிறதோ அங்கேதான் முறிவு. மல்ட்டிமீட்டர் இருந்தால் ஜாக் நுனிக்கும் தரைப் பகுதிக்கும் இடையே மின்தடையை அளக்கலாம். சிடிஐஏ நான்கு பகுதி ஜாக்கில் நுனி இடது, இரண்டாவது வலது, மூன்றாவது தரை. 16 ஓம் இயர்போன் ஏறத்தாழ அந்த அளவையே காட்டும், கூடவே இயர்போனிலிருந்து மெல்லிய "டக்" கேட்கும். அளவே காட்டவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. அளக்கும்போது இயர்போன் காதில் இருக்க வேண்டாம், பக்கத்தில் பிடித்துக் கேளுங்கள்.

ஜாக் மட்டும் மாற்றும்போது பலர் தோற்கும் இடம் ஒன்று. உள்ளே இருக்கும் நூல் போன்ற செம்பு இழைகளின் மேல் நிறப் பூச்சு இருக்கிறது. அது மின்கடத்தாப் பூச்சு. அதை எரிக்காமல் சால்டர் வைத்தால் ஒட்டியது போல் தெரியும், கரண்ட் போகாது. சால்டர் துளியை இழையின் நுனியில் சில விநாடி சூடாக வைத்திருங்கள். பூச்சு புகைந்து போய் இழை வெள்ளியாக மினுங்கிய பிறகு ஜாக்கில் வையுங்கள். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் தரை. எதற்கும் மீட்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குறிப்பிட்ட பேஸ் தாளத்தில் மட்டும் "ஜ்ர்ர்" என்று அதிர்ந்தால் வயர் காரணமில்லை. ஸ்வீப் ஒலியை மெல்லிய சத்தத்தில் ஓட விட்டு, எந்த இடத்தில் அதிர்கிறது என்று பாருங்கள். ஒரு முடி வலைக்குள் போய் டயாஃப்ரத்தைத் தொட்டாலே இப்படிக் கேட்கும். சுத்தம் செய்தும் போகாவிட்டால் டிரைவர் கிழிந்திருக்கலாம், வாரண்டி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பாட்டு இல்லாதபோதும் இரைச்சல்

"உஸ்" என்று சீராக வந்தால், உணர்திறன் மிகுந்த இயர்போனில் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் கேட்கிறது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற மிகச் சிறிய வகை டிரைவர் பல கொண்ட மாடல்களில் இது அதிகம். மின்தடை சேர்த்த அடாப்டர் போட்டால் இரைச்சல் அடங்கும் என்பார்கள். அடங்கும், ஆனால் ஒலியின் சாயலும் மாறும். அந்த வகை இயர்போனின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் வேறுபடுவதால், மூலத்தின் (இயர்போனைச் செருகும் கருவி) தடை கூடும்போது சில பகுதி உயர்ந்து சில பகுதி தாழ்ந்துவிடும். மூலத்தின் தடை இயர்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு: 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். இரைச்சல் குறைந்த டைப்-சி டாங்கிள் (ஃபோனின் டைப்-சி துளையில் செருகி இயர்போனை இணைக்கும் சிறு அடாப்டர்) ஒன்றுக்கு மாறுவதே சுத்தமான தீர்வு.

லேப்டாப்பில் "ங்ங்" என்ற ரீங்காரம், சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால், சார்ஜரின் வேலை. தரை முள் உள்ள மூன்று முள் பிளக்கில் போட்டுப் பாருங்கள், அல்லது கேட்கும் நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். "டிட்டிடிட் டிட்டிடிட்" என்று விட்டு விட்டு வந்தால் ஃபோன் 2ஜி சிக்னலுக்கு இறங்கியிருக்கிறது; அதன் துடிப்புகள் விநாடிக்கு 217 முறை வருவதால் காதுக்குக் கேட்கும் ஒலியாகவே வயரில் ஏறுகின்றன. ஃபோனையும் வயரையும் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

நடக்கும்போது "டொக் டொக்" என்பது வயர் சட்டையில் உரசுவது. வயரைக் காதுக்கு மேல் சுற்றி, சட்டையில் ஒரு கிளிப் போட்டால் தீர்ந்தது.

ப்ளூடூத்தில் மட்டும் வரும் தொல்லைகள்

அழைப்பு வந்ததும், அல்லது லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும், பாட்டு பழைய டெலிஃபோன் போல் ஆகிவிடுகிறதா? கோளாறு எதுவும் இல்லை. மைக் வேலை செய்யும்போது சாதாரண ப்ளூடூத் இரு வழிப் பேச்சு முறைக்கு மாறுகிறது. அதில் ஒலி விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகவே போகிறது. 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது எதுவும் வராது. மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், கேட்பதற்கு மட்டும் இயர்பட்ஸ். விண்டோஸ் 10-இல் ஒரே இயர்பட்ஸ் இரண்டு பெயரில் தெரியும். "ஹேண்ட்ஸ்-ஃப்ரீ" என்பதை விட்டு "ஸ்டீரியோ" என்பதை எடுங்கள். விளையாட்டில் இப்படி ஆனாலும் இதே மருந்து.

விட்டு விட்டு வந்தால், ஃபோன் எந்தப் பையில் இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பங்கு நீர். ஃபோனிலிருந்து நேரடியாக அலை வாங்கும் பக்கத்துக்கு எதிர்ப் பையில் ஃபோன் இருந்தால் இடையில் உங்கள் உடம்பே சுவராக நிற்கும். எல்டாக் என்ற உயர்தர ப்ளூடூத் கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பயன்படுத்துகிறவர்கள் டெவலப்பர் ஆப்ஷனில் 990 கிலோபிட்டை 660-க்கு இறக்கினால் நெரிசலான இடங்களில் அறுபடாது. (ஃபோனைப் பற்றி என்ற பகுதியில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும்.) கோடெக் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண கோடெக்கான எஸ்பிசி கூட நல்ல வேகத்தில் ஓடும்போது, கசியும் டிப்போடு எல்டாக்கில் கேட்பதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும்.

சத்தமே போதவில்லை

ஐஃபோனில் ஹெட்ஃபோன் பாதுகாப்பு என்ற இடத்தில் "உரத்த ஒலியைக் குறை" இயங்குகிறதா, ஆண்ட்ராய்டில் வால்யூம் வரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸில் ஃபோனுக்கும் இயர்பட்ஸுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கும். ஃபோன் முழுதாக இருந்தும் இயர்பட்ஸ் பாதியில் நிற்கலாம். இயர்பட்ஸின் தொடு பட்டனில் ஏற்றிப் பாருங்கள். டைப்-சி டாங்கிளில் சத்தம் குறைந்தால், டாங்கிளும் ஃபோனும் ஒத்துப்போகவில்லை என்பதே வழக்கம்: ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அடங்கிய சத்தமே தரும், ஆனால் லேப்டாப்பில் முழு பலத்தோடு பாடும். சில மலிவு டாங்கிள்களுக்குள் டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் டிஏசி சிப்பே இல்லை. அவை எல்லா ஃபோனிலும் ஓடாது.

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்று தோன்றினால், வெளிச் சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றிக்கொண்டிருக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்தில் வால்யூமை ஏற்றுவதற்குப் பதில் நன்றாக அடைக்கும் டிப் போடுங்கள்.

கடைசியில் ஈக்வலைசர்

கசிவோடு பேஸை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அடைப்பும் சுத்தமும் முடிந்த பிறகுதான் இது.

ஐந்து பட்டை ஈக்வலைசரில் நுணுக்கமாக எதுவும் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஆட்டோஈக்யூ என்ற இலவசத் தொகுப்பில் ஏராளமான மாடல்களுக்குத் தயார் அளவுகள் கிடைக்கும். வேவ்லெட்டுக்குள்ளேயே அது இருக்கிறது. அந்த அளவுகள் அளவீட்டுக் கருவியின் செயற்கைக் காதுக்கு ஏற்றவை. 8,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் அவற்றை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் காதின் ஆழம் வேறு.

கையால் செய்வதானால் கூட்டுவதைவிடக் குறைப்பதை முதலில் முயலுங்கள். குரல் கூண்டுக்குள் இருப்பது போல் தடித்திருந்தால் 250 ஹெர்ட்ஸை ஒட்டி, அகலமாக, 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். "ஸ" குத்தினால் ஸ்வீப்பை ஓட விட்டு, 6,000-க்கும் 9,000-க்கும் இடையே எங்கே திடீரென்று எகிறுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும், குறுகலாக, 3 டெசிபல் குறையுங்கள். பேஸ் வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றுங்கள். எதை ஏற்றினாலும் அதே அளவு ப்ரீஆம்ப்பை (ஈக்வலைசரில் உள்ள மொத்த ஒலி அளவு) இறக்க வேண்டும்: 3 ஏற்றினால் ப்ரீஆம்ப் −3. இதை விட்டுவிட்டால் உரத்த இடங்களில் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும்; பிறகு இயர்போன் கிழிந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

மெல்லிய சத்தத்தில் பேஸ் குறைவாகத் தெரிவது காதின் இயல்பு. 1933-இலேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் இரவில் அடக்கமாகக் கேட்பதற்கு ஒரு அமைப்பு, பகலில் வழக்கமான சத்தத்துக்கு ஒரு அமைப்பு என்று இரண்டு பெயரில் சேமித்து வையுங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தச் சத்தத்திலேயே வைத்துச் சரிபாருங்கள். முடித்ததும் ஒரு முறை அணைத்து, ஒரு முறை போட்டு, அதே பாட்டில் அதே மிருதங்கத் தொப்பியைக் கேளுங்கள்.